பண்டிதர் காலில் தண்டை

"கடக்" என்று ஒரு சத்தம் கேட்டது.

எலிப்பொறியில் ஏதோ விழுந்துவிட்டது என்று நினைத்து அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள் சண்முகசுந்தரி. பட்டாசாலைக் கூடத்து நடுவில், கோரைப்பாயில், அவள் கணவர் ஆவுடைநாயகம் பிள்ளை வலது காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அந்தக் காலில் கணுவுக்கு மேலே அவளுடைய தாய் வீட்டு வெள்ளித் தண்டை பளபளத்தது.

"சுந்தரி, இங்கன வா. இதைக் கொஞ்சம் கழத்தி விடு."

"யாரு மாட்டினது?"

"நான்தான். வச்சுத்தான் பாத்தேன். அதுவாப் பூட்டிக்கிட்டுது."

"பெட்டியில இருந்து எடுத்துத் தாரப்பவே சொன்னேன். பாத்துட்டுத் தாங்கன்னு சொன்னேன். போட்டுட்டுத் தாங்கன்னா சொன்னேன்?"

பிள்ளை எழுந்து நின்றார். 'சலங்' என்றது. ஓர் அடி வைத்தார். 'சலங் சலங்' என்றது. மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். நாற்பத்தெட்டு வயது, நெற்றி நிறைய விபூதி, பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாகத் தமிழ்ப் பண்டிதர். அவர் எழுந்தால் சதிர் மேளம் ஆரம்பிப்பதுபோல் இருந்தது.

இதெல்லாம் ஒரு சொல்லால் வந்த வினை.

சென்னையில் புதிதாக ஓர் அகராதிக் காரியாலயம் தொடங்கியிருந்தார்கள். உடுப்பு, நகை சம்பந்தமான சொற்களைத் திரட்டி, ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று எழுதத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு பண்டிதர் வேண்டுமாம். தேர்ந்தெடுக்கக் கோபாலசுப்பிரமணியன் என்ற கனவான் ரயிலேறி வருகிறார். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்தில் பேட்டி. போட்டி இரண்டே பேருக்குள்தான்: ஆவுடைநாயகம் பிள்ளை ஒருவர், அதே பள்ளிக்கூடத்துச் சம்ஸ்கிருதப் பண்டிதர் பட்டாபி ஐயர் மற்றொருவர். இன்று புதன்கிழமை, மணி நாலரை.

பட்டாபி ஐயருக்குச் சொல் என்றால் சுவடியில் இருப்பது. எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் அரை நிமிஷத்தில் அதன் சம்ஸ்கிருதப் பாட்டனாரைக் கண்டுபிடித்துவிடுவார். பிள்ளையின் வழி வேறு. ஒரு சொல்லை எழுதுவதற்கு முன்னால் அதை உடம்பில் மாட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. போன மாதம் பேட்டை ஜவுளிக்கடை நூர்முகம்மதுவிடம் குல்லாவை இரவல் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டே வகுப்பெடுத்தார். வீட்டு வேலைக்கு வரும் சாத்தான்குளத்துப் பிச்சைக்கண்ணுவின் பாம்படத்தைக் காதில் நூல் போட்டுக் கட்டித் தொங்கவிட்டு, கழுத்து எந்தப் பக்கம் சாய்கிறது என்று குறிப்பெடுத்தார். அன்று முழுவதும் பிச்சைக்கண்ணு வெறுங்காதோடு பாத்திரம் விளக்கிவிட்டு, "ஐயா, என் காது உங்களுக்கு எப்ப சலிக்கும்?" என்று கேட்டாள்.

நோட்டுப் புத்தகம் நிறைந்துகொண்டே போயிற்று. இரவுச் சோற்றுக்கு உட்கார்ந்தால் மனைவிக்கு வாசித்துக் காட்டுவார்.

"ஓலை, தோடு, கம்மல். மூணும் பனையோலை, சுந்தரி. ஆதியில பொம்பளைக காதுல ஓலையைத்தான் சுருட்டிச் செருகினாக. கம்மல்ங்கிறது தெலுங்கு தேசத்து ஓலை. ஓலை போயி பொன்னு வந்தாச்சு. பேரு மட்டும் காதை விட்டு இறங்கமாட்டேங்குது."

"ம்."

"பொத்தான் பறங்கிக்காரன் சொல்லு. கடலோரத்துல கைத்துண்டை லேஞ்சுங்கான் பாரு, அதுவும் அவன் சொல்லுதான். குல்லா பாரசீகத்துல இருந்து வந்தது. ரவிக்கை தெலுங்கு."

"பொத்தான் கப்பல்ல வந்துச்சு. குல்லா ஒட்டகத்துல வந்துச்சு. நான் தச்சநல்லூர்ல இருந்து வில்வண்டியில வந்தேன். அதுக்கு மேல எங்கயும் போறதா இல்ல. மோர் ஊத்தட்டுமா?"

பிள்ளை சிரித்துவிட்டு மோர் வாங்கிக்கொண்டார்.

தகராறு தண்டையில்தான் வந்தது. தண்டை என்பது தண்டத்திலிருந்து வந்தது, ஆகையால் அது தடிபோல் கெட்டியானது என்றார் பட்டாபி ஐயர். இல்லை, தண்டிலிருந்து வந்தது, உள்ளே தாமரைத் தண்டுபோல் குழலாக இருக்கும் என்றார் பிள்ளை. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வீட்டுக்கு வந்து தண்டையைக் கேட்டார். சண்முகசுந்தரி எடுத்துக் கொடுத்தாள். அவள் அம்மாவுக்கு அம்மா காலத்து வேலை. இரண்டு முனையிலும் இரண்டு யாளி முகம். ஒரு யாளி மற்றதன் மூக்கைக் கவ்விக்கொண்டிருந்தது. ஒவ்வொரு யாளிக்கும் கண்ணில் சிவப்புக்கல். உள்ளே பரல் உருளும் சத்தம் கேட்டதும் பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. நடந்தால் எப்படி ஒலிக்கும் என்று தெரிய வேண்டாமா?

இப்போது தெரிந்துவிட்டது.

"எப்படித் திறக்கணும் இது?"

"எனக்கென்ன தெரியும்? எங்க அம்மைக்குத்தான் தெரியும். அவ போயி மூணு வருசமாச்சு."

பிள்ளை காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு யாளி முகத்தைத் தடவினார். "இந்தக் கல்லு லேசா ஆடுதே."

"ஐயோ, கல்லைத் தொடாதீக. கழண்டு விழுந்துரும். எங்க அம்மை ஞாபகமா அது ஒண்ணுதான் இருக்கு."

கையை எடுத்துவிட்டார். நோட்டில் மட்டும், 'கண்: சிவப்புக்கல். சற்று ஆடுகிறது' என்று எழுதிக்கொண்டார்.

நல்லெண்ணெய் வந்தது. காலில் பூசி இழுத்தார்கள். தண்டை குதிகாலில் வந்து முட்டிக்கொண்டு நின்றது. சீயக்காய்த் தூள் வந்தது. எண்ணெயோடு சேர்ந்து கால் களிமண் நிறமானதே தவிர தண்டை அசையவில்லை. அரத்தை எடுத்து அறுத்துவிடலாமா என்று மெல்ல ஒரு வார்த்தை சொன்னார்.

"அறுங்க. எங்க அம்மை போட்ட தண்டையை அறுத்துட்டு, அதே அரத்தை வச்சு என் கழுத்தையும் அறுத்திருங்க."

அரம் மறுபடி பரணுக்குப் போயிற்று.

சத்தத்தையாவது அடக்கலாம் என்று பழைய வேட்டியைக் கிழித்துக் காலில் சுற்றினாள். சுற்றச் சுற்றக் கால் பூசணிக்காய் அளவுக்கு வீங்கியது. பரல் உள்ளே அல்லவா இருக்கிறது? துணிக்குள்ளிருந்தும் அது விடாமல் 'சலங்' என்றது.

அந்தச் சமயத்தில்தான் வாசலில் பட்டாபி ஐயர் குரல் கேட்டது.

"பிள்ளைவாள் இருக்காரோ? வெள்ளிக்கிழமை மேல்துண்டு போட்டுண்டு வரணுமா, சட்டை போட்டுண்டு வரணுமான்னு ஒரு யோசனை கேட்கலாம்னு வந்தேன். அடடே, காலில் என்ன ஓய் கட்டு?"

"சுளுக்கு."

"எங்கே, பார்க்கறேன். எங்க மாமா சுளுக்கு வழிக்கறதிலே கெட்டிக்காரர். எனக்கும் கொஞ்சம் வரும்."

"வேண்டாம் வே, வேண்டாம்." பிள்ளை காலை இழுத்துக்கொண்டார். சலங்.

ஐயர் குனிந்தவர் குனிந்தபடியே நின்றார். "சத்தம் கேட்டதே?"

"நரம்பு. நரம்பு பிசகினா சத்தம் வரும்."

"வரும், வரும். எங்க மாமாவுக்கும் வந்தது. ஆனா வெள்ளிச் சத்தமா வரலை."

அவர் போகும்போது வாசல்படியில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை பிள்ளைக்குப் பிடிக்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் பையன்களுக்கு ஒரே நன்னூலை உருப்போட வைத்தாயிற்று. அச்சில் ஏறும் ஒரு புத்தகத்தில் தாம் பார்த்த, தொட்ட, மாட்டிய நாலு சொல்லாவது ஏற வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. அந்தப் பேட்டிக்குக் காலில் பெண்பிள்ளைத் தண்டையோடு போய் நின்றால் சென்னைக் கனவான் என்ன நினைப்பார்?

"பேட்டைக்குப் போயி பாபநாசம் ஆசாரியைப் பாத்துட்டு வந்துருதேன்," என்றார். அந்தக் குடும்பத்துக்கு நகை செய்கிற தட்டார் அவர்.

"பெரிய தெரு வழியா இப்படியே போனா ஊரே பாக்கும். விளக்கு வைக்கிற நேரத்துல பின் சந்து வழியாப் போங்க," என்றாள் சண்முகசுந்தரி. "சாரல் காத்து அடிக்குது. தலையில இதைப் போட்டுக்கிடுங்க."

கொடியில் கிடந்த ஒரு துணியை எடுத்து அவர் தலையையும் தோளையும் சுற்றிப் போர்த்தினாள். அவசரத்தில் அது என்ன துணி என்று பிள்ளை கவனிக்கவில்லை. சந்துக்குள் நுழைந்து பத்து அடி போன பிறகுதான் பார்த்தார். அவளுடைய சிவப்புச் சேலை.

சந்தின் நடுவில் ஒரு வேப்பமரம். அதன் அடியில் இசக்கியம்மன் பீடம். எதிர்வீட்டுக் கோமு அப்போதுதான் பீடத்தில் விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். இருட்டும் வெளிச்சமுமான அந்த நேரத்தில், ஆள் இல்லாத சந்தில், காற்சத்தம் சலங் சலங்கென்று அவளை நோக்கி வந்தது. நிமிர்ந்து பார்த்தாள். சிவப்பாக ஓர் உருவம், முகம் தெரியவில்லை.

கோமு கத்தவில்லை. கையிலிருந்த எண்ணெய்க் கிண்ணத்தைப் பைய கீழே வைத்தாள். பிறகு அதன் பக்கத்திலேயே பைய சாய்ந்துவிட்டாள்.

பிள்ளை திரும்பினார். நடந்தால் மெதுவாக ஒலிக்கும், ஓடினால் வேகமாக ஒலிக்கும். இதை அவர் பின்னால் நோட்டில் எழுதினார். அப்போது ஓடினார். சந்தின் இரண்டு பக்கத்து வீடுகளிலும் கதவுகள் வரிசையாகச் சாத்திக்கொண்டன.

மறுநாள் வியாழக்கிழமை பொழுது விடிந்தபோது பண்டிதர் வீட்டு வாசலில் நாற்பது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன சுந்தரி இது?" பிள்ளை ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தார்.

"கோமு எந்திரிச்சுட்டா. இசக்கி தாயே சிவப்புப் பட்டு உடுத்தி நடந்து வந்தாளாம். தண்டைச் சத்தம் நம்ம வீட்டுப் புறவாசல்ல வந்துதான் நின்னுதாம். அவளுக்கு என்னமோ குறை, நம்ம வீட்டுல வந்து இறங்கியிருக்கா, குறை தீராம போகமாட்டாங்கிறாக."

"நான் போயி உண்மையைச் சொல்லிருதேன்."

"சொல்லுங்க. பண்டிதர் சேலையைச் சுத்திக்கிட்டுத் தண்டை போட்டு விளக்கு வைக்கிற நேரத்துல சந்துல நடந்தாருன்னு நீங்களே உங்க வாயால சொல்லுங்க. நாளைக்குப் பத்து மணிக்குள்ள மெட்ராஸ்காரருக்கும் தெரிஞ்சுரும்."

பிள்ளை யோசித்துக்கொண்டே இரண்டு அடி பின்னால் வைத்தார். சலங் சலங்.

வாசலில் நாற்பது பேரும் சேர்ந்து குலவை போட்டார்கள்.

அவர் அசையாமல் நின்றார். வெளியே குலவை ஓய்ந்தது. பிறகு கோமுவின் குரல் கேட்டது.

"தாயீ, உள்ள இருக்கது நீதானா? உனக்கு என்ன வேணும்? சேலை வேணும்னா ஒரு தரம் ஒலிச்சுக் காட்டு."

"தட்டுங்க," என்று கிசுகிசுத்தாள் சண்முகசுந்தரி.

"நான் தட்டமாட்டேன். தெய்வ காரியத்துல பொய்யா?"

"தட்டலைன்னா உள்ள வந்து பாக்கப் போறாக. கோமு எந்திரிச்சிட்டா, அந்தா."

பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு, இசக்கியிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுவிட்டு, காலை ஒருமுறை தட்டினார்.

குலவை தெருமுனை வரைக்கும் கேட்டது. ஒருத்தி சேலை எடுக்க ஓடினாள்.

"பொங்கல் வேணுமா தாயீ? எத்தனை பானைன்னு நீயே சொல்லு."

ஒரு பானையோடு முடித்துவிடலாம் என்று பிள்ளை காலை ஓங்கினார். அந்த நேரம் பார்த்து, எண்ணெயும் சீயக்காயும் காய்ந்துபோன காலில் ஒரு கட்டெறும்பு ஏறிக் கடித்தது. உதறினார். உதறியது ஒரு தரம் இல்லை.

வெளியே கோமு எண்ணிக்கொண்டிருந்தாள். "...ஒம்பது, பத்து, பதினொண்ணு. பதினோரு பானை. நம்மகிட்ட அவ்வளவு பானை கிடையாதே. சரி தாயீ, தச்சநல்லூருக்கு ஆள் அனுப்புதேன்."

மத்தியானத்துக்குள் தச்சநல்லூர்க் கூட்டமும் வந்து சேர்ந்தது. வந்தவர்களில் பாதிப்பேர் சண்முகசுந்தரியின் தாய் வீட்டு உறவு. அவர்களுக்கு உள்ளே வந்து தண்ணீர் குடிக்க உரிமை உண்டு. பிள்ளை பின்கட்டு அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, தலையணைக்கு வைத்திருந்த இலவம்பஞ்சு மூட்டைக்குள் காலைப் புதைத்துக்கொண்டார். பஞ்சுக்குள் சத்தம் கொஞ்சம் அடங்கியது. ஆனால் அவர் சுபாவமாகவே அடங்கி உட்காரத் தெரியாதவர். நகத்தைக் கடிப்பார், நோட்டைத் திறப்பார், மூடுவார், எழுந்திருக்கப் பார்த்து மறுபடி உட்காருவார். ஒவ்வொன்றுக்கும் வாசலில் ஒரு குலவை.

பிச்சைக்கண்ணுவைப் பேட்டைக்கு அனுப்பி ஆசாரியைப் புறவாசல் வழியாகக் கூட்டிவரச் சொல்லியிருந்தார். சாயங்காலம் அவள் கதவைத் தட்டினாள்.

"ஐயா, ஆசாரி சாத்தான்குளத்துக்குக் கல்யாண நகை வேலைக்குப் போயிருக்காரு. சனிக்கிழமைதான் வருவாரு." சொல்லிவிட்டு, சரியாகத்தானே சொன்னேன் என்பதுபோலச் சண்முகசுந்தரியைப் பார்த்தாள்.

"வேற ஆசாரி?"

"வேற ஆசாரி வந்தா ஊருபூரா சொல்லிருவான்," என்றாள் சண்முகசுந்தரி. "நடக்கது நடக்கட்டும். ஒரு நல்ல காரியம் தட்டிப்போனா அதுலயும் ஏதாச்சும் இருக்கும். மெட்ராஸ்ல கிணத்துத் தண்ணி உப்பாம்ல? குளிச்சா மேலு பிசுபிசுங்குமாம். நமக்குக் குறுக்குத்துறையில ஆறு ஓடுது."

பிள்ளைக்கு அழுகை வந்தது. அழாமல் பரலை எண்ண ஆரம்பித்தார். வேறு செய்வதற்கு ஒன்றும் இல்லை. காலை இடப்பக்கம் சாய்த்தார், வலப்பக்கம் சாய்த்தார், காதைத் தண்டையோடு வைத்துக் கேட்டார். அதற்கு உடம்பை வளைத்த வளைப்பில் முதுகு பிடித்துக்கொண்டது. இருந்தாலும் எண்ணி முடித்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. பள்ளிக்கூடத்து மணி பத்து அடிப்பது அறைக்குள் கேட்டது. வாசலில் பதினோரு அடுப்பு மூட்டியிருந்தார்கள். எந்தப் பக்கமும் போக வழியில்லை. பத்தேகால். பட்டாபி ஐயர் இந்நேரம் முதல் சுவடிக் கட்டை அவிழ்த்திருப்பார். பத்தரை. பிள்ளை நோட்டை எடுத்துப் பஞ்சு மூட்டைக்குள் போட்டார். பிறகு மனசு கேட்காமல் வெளியே எடுத்துத் துடைத்தார்.

பத்தே முக்காலுக்கு வாசலில் ஒரு சலசலப்பு. குலவை பாதியில் நின்றது.

"இதுதான் சார் வீடு," என்றது பட்டாபி ஐயரின் குரல். "பிள்ளைவாளுக்குக் காலில் சுளுக்குன்னார். ஒரு சுளுக்குக்கு ஊரே பொங்கல் வைக்கறதை நான் இப்பத்தான் பார்க்கறேன். சாரும் பார்க்கணும்னுதான் அழைச்சுண்டு வந்தேன்."

இருவரும் உள்ளே வந்துவிட்டார்கள். அறைக் கதவு தட்டப்பட்டது. பெரிய மனுஷர் அறைவாசல்வரை வந்திருக்கிறார். திறக்காமல் இருக்க முடியுமா? பஞ்சிலிருந்து காலை உருவிக்கொண்டு, முழங்கால்வரை இலவம்பஞ்சு ஒட்டியிருக்க, சலங் சலங்கென்று நடந்துபோய்த் தாழ்ப்பாளை நீக்கினார்.

கோபாலசுப்பிரமணியன் ஒல்லியான மனிதர். மூக்குக் கண்ணாடி, கறுப்புக் கோட்டு, கையில் பென்சில். அவர் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தார்.

"அது என்ன?"

இனி மறைக்க என்ன இருக்கிறது? கதவைச் சாத்திவிட்டுப் பிள்ளை எல்லாவற்றையும் சொன்னார். சொல்லைச் சோதிக்க மாட்டியது, பூட்டிக்கொண்டது, சுளுக்கு என்று புளுகியது, சேலை, சந்து, எறும்பு, பதினோரு பானை. பட்டாபி ஐயர் மேல்துண்டால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார்.

சென்னைக் கனவான் சிரிக்கவில்லை. கோட்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயரிடம் காலையில் ஒரு கேள்வி கேட்டேன். தண்டை உள்ளே கெட்டியா, குழலா என்று. ஏழு சுலோகம் சொன்னார். பதில் சொல்லவில்லை. நீங்கள் சொல்லுங்கள்."

"குழல். உள்ளே பரல் கிடக்கு."

"எத்தனை?"

"ஒம்பது. எட்டு ஒரே அளவு, ஒண்ணு பெருசு. நடந்தா எட்டும் சேர்ந்து முதல்ல உருளும், பெருசு பின்னால தனியா வந்து விழும். அதனாலதான் சத்தம் இழுத்த மாதிரி கேக்குது. நின்னா அடங்க மூணு எண்ணுற நேரம் ஆகும். ஓடினா பெருசு முந்திக்கிடும்."

பென்சில் வேகமாக ஓடியது. "சரி. தண்டை என்ற பேர் எதிலிருந்து வந்தது?"

பிள்ளை பட்டாபி ஐயரைப் பார்த்தார். பிறகு காலைப் பார்த்தார்.

"புதன்கிழமை கேட்டிருந்தா தண்டுன்னு அடிச்சுச் சொல்லியிருப்பேன். உள்ளே குழல்ங்கிறது நிச்சயம். அதனாலதான் அந்தப் பேரான்னு கேட்டா எனக்குத் தெரியலை. மூணு நாளா இதோட குடியிருந்து பாத்துட்டேன். தெரியலைன்னுதான் எழுதுவேன்."

கோபாலசுப்பிரமணியன் நோட்டை மூடினார்.

"ஐயா, வடக்கே கஞ்சம் ஜில்லாவிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் நாற்பது பண்டிதரைப் பார்த்துவிட்டேன். தெரியாது என்று சொன்ன முதல் ஆள் நீங்கள்தான். ஐப்பசி முதல் தேதி சென்னைக்கு வந்துவிடுங்கள். வீடு பார்த்து வைக்கிறேன். ஒரு வருஷமா, பத்து வருஷமா என்று சொல்ல முடியாது, குடும்பத்தோடு வந்துவிடுங்கள்." எழுந்து கோட்டைத் தட்டிக்கொண்டார். "நேற்றே நீங்கள் இதைக் கழற்றிவிட்டு இன்று நல்லபடியாகப் பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தால், ஏழு சுலோகத்துக்கு எதிரே உங்களைக் கவனித்திருப்பேனா என்பது சந்தேகம்தான்."

அடுக்களையில் ஒரு வெண்கலப் பானை உருண்டு விழுந்தது.

பட்டாபி ஐயரின் துண்டு வாயிலிருந்து இறங்கிவிட்டது. "சுளுக்கு உமக்கு நன்னா வேலை செஞ்சிருக்கு, பிள்ளைவாள்," என்று மட்டும் சொன்னார். அதைச் சொல்லும் அளவுக்கு நல்ல மனுஷர்தான். கனவானை வழிகாட்டி அழைத்துப் போனார். வாசலில் பதினோரு பானையும் ஒன்றாகப் பொங்கின. தாய்க்கு மனசு குளிர்ந்துவிட்டது என்று கோமு எல்லாரையும் பொங்கலோடும் சேலையோடும் வேப்பமரத்தடிக்குக் கிளப்பினாள்.

வீடு அமைதியானது. பிள்ளை பட்டாசாலைக்கு வந்து ஒரு சுற்றுச் சுற்றினார். சலங் சலங். இப்போது அந்தச் சத்தம் அவருக்கு இனித்தது.

"சுந்தரி, கேட்டியா? மெட்ராஸ். குடும்பத்தோட."

சண்முகசுந்தரி அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. பூரிப்பில் வாயடைத்துப் போய்விட்டாள் என்று பிள்ளை நினைத்தார்.

"கேட்டேன்," என்றாள்.

"என்ன கேட்டேன்? எல்லாம் உங்க அம்மை தண்டையால வந்தது. நீ மட்டும் அன்னைக்கு இதை எடுத்துத் தராம இருந்திருந்தா—"

புறவாசல் கதவு திறந்தது. இடுப்பில் கருப்பட்டி ஓலைக்கொட்டானோடு பிச்சைக்கண்ணு உள்ளே வந்தாள். தெருவில் கூட்டம் கலைந்ததைப் பார்த்துவிட்டு நேரே வந்தவள். உள்ளே நடந்தது ஒன்றும் அவளுக்குத் தெரியாது. கொட்டானை இறக்கி வைத்தாள். ஐயாவின் காலைப் பார்த்தாள். பிறகு நிலைப்படியில் நின்ற எஜமானியைப் பார்த்து, இரக்கம் தாங்காமல் சொன்னாள்:

"ஏம்மா, வெள்ளிக்கிழமை பத்து மணி தாண்டியாச்சுல்லா, இனிமேலாவது அந்த யாளிக் கண்ணை அமுக்கி ஐயா காலை விட்டுருங்கம்மா, பாவம்."